நுனியில் இருப்பவர்கள்

மரவேலை மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. முழுப் பெயரைப் போட்டிருந்ததால் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடவில்லை. "எங்கடை சீவுளி மாஸ்டர்" என்று ஒருவர் எழுதிய பிறகுதான் குழுவுக்கு உயிர் வந்தது. சங்க மலரைத் தொகுக்கிற தம்பி அன்றிரவே எனக்கு எடுத்தார். "அண்ணை, நீங்கள்தான் எழுத வேணும். ஆனால் பிக் மாட்ச் கிரிக்கெட் கதை வேண்டாம், அதை எல்லாரும் எழுதிப்போட்டினம்."

சரி, இது கதிரைக் கதை.

1972இல் இலங்கையில் வந்த கல்விச் சீர்திருத்தம் எங்கள் எல்லோரையும் தொழின் முன்னிலைப் பாடம் ஒன்று படிக்க வைத்தது. டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் நேர்ந்துவிட்ட பிள்ளைகள் உளி பிடிக்க வேண்டி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மரவேலைக் கொட்டிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த மேசைக்கு எவன் ஓடுவான் என்பதும் தெரியும்.

முதல் தவணை முழுக்க மாஸ்டர் எங்களை மரத்தில் கைவைக்க விடவில்லை. தபாற்கந்தோர், கோயில் மடம், பஸ் நிலையம் என்று போய், ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னார். பிறகு கேள்வி தொடங்கும்.

"கடன் கேக்க வந்தவன் கதிரையிலை எங்கை இருப்பான்?"

"நுனியிலை, சேர்."

"குடுக்கிறவன்?"

"சாய்ஞ்சு, சேர்."

"அப்ப ஒரே கதிரை ரெண்டு பேரையும் தாங்க வேணுமோ இல்லையோ?"

கதிரை கழண்டு போவது பெரும்பாலும் சாய்கிற இடத்தில்தான் என்பார். பக்கச் சட்டம் பின்காலோடு சேருகிற மூட்டுத்தான் முதலில் ஆடத் தொடங்கும். கடன் கேட்பவனால் அதற்கு ஒரு கேடும் இல்லை, கொடுப்பவன்தான் நாளாவட்டத்தில் அதை ஆட்டி விடுவான். இதைச் சொல்லிவிட்டு மீசைக்குள் சிரிப்பார்.

இருக்கைப் பலகையில் குழி எடுப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். வேப்பம் பலகையில் ஈரமான மரத்தூளை ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரவி, வகுப்பிலேயே மொத்தமான பொடியனை இருத்தி எழுப்புவார். தூளில் இரண்டு பள்ளங்களும் நடுவில் ஒரு மேடும் தெரியும். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதைச் சுற்றிக் கோடு போடுவார். அப்புறம் மெலிந்தவன் ஒருவனை இருத்தி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வாய்ச்சி போக வேண்டும். மொத்தமானவனுக்கு முழுதாக வசதி செய்தால் மற்றவன் வழுக்குவான் என்பது அவருடைய கணக்கு.

இந்த நேரத்தில்தான் என் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிபரிடம் போகாமல் நேரே கொட்டில் வாசலுக்கு, குடையோடு.

"என்ரை பொடியன் என்ன, தச்சனாகவோ வரப் போறான்? வேறை பாடத்துக்கு மாத்துங்கோ."

உளிச் சத்தம் நின்றது. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. முந்திய வருடத்துப் பிள்ளைகள் செய்த கதிரை ஒன்றைத் தூசி தட்டி இழுத்துப் போட்டார். "இருங்கோ." அப்பா இருந்தார். கொஞ்ச நேரம் குடையைத் தரையில் தட்டினார், பிறகு எழும்பி அதிபரிடம் போனார். பாடம் மாறவில்லை.

அடுத்த நாள் மாஸ்டர் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். "நேற்று ஒரு பெரிய மனிசர் வந்தவர். எங்கை இருந்தவர்?"

கொட்டில் முழுக்க ஒரே குரல். "நுனியிலை, சேர்!"

"கோவத்தோடை வாற மனிசன் சாய மாட்டான். அதுதான் முன்சட்டம் இறுக வேணும்." அவ்வளவுதான். அவர் பாடத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் 'நுனி' என்ற பட்டம் மிஞ்சியது. இன்றைக்கும் ரொறன்ரோவிலிருந்து எடுக்கிறவன் "என்னடா நுனி" என்றுதான் தொடங்குகிறான். அப்போது அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அப்பாமேல் வந்ததைவிடப் பெரியது.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில் அப்பாவின் சாய்மனைக் கதிரையின் கை கழன்றது. ஊரில் வேறு ஆள் கிடைக்காமல் அம்மா மாஸ்டருக்கே சொல்லி அனுப்பினா. அவரும் சைக்கிளில் வந்து, விறாந்தைத் தரையில் குந்தியிருந்து, பழைய கழுந்தைச் சீவிப் புதிதாக ஆப்பு வைத்து இறுக்கினார். வேலை முடிந்ததும் இருந்து பார்க்க வேண்டுமே, அதற்கு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீர் ஒருக்கா இரும்." அப்பாவின் கதிரையில் நான் அதுவரை இருந்ததில்லை. நான் சாய்ந்தேன். அவர் குனிந்து மூட்டில் காதை வைத்துக் கேட்டார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணி வீட்டுக் கோப்பையில் இல்லை. அதை நின்றபடியே குடித்தார். இருங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

1930ஐ ஒட்டிய காலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வகுப்பில் சமமாக இருக்க வேண்டும் என்று சம ஆசனம் வந்தபோது எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். ஒரு வாங்குக்காக. அதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, மாஸ்டர் உட்பட.

பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்தலில் தட்டுப்பட்டு நான் லண்டனுக்கு வெளிக்கிட்டபோது அவரிடமும் சொல்லப் போனேன். விசா, காசு, குளிர் பற்றி எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். அவர் கேட்டது ஒன்றுதான். "அங்கை என்ன மரம்?" எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தது நரைத்த பிறகு. லண்டனுக்கு மேற்கே ஹை விக்கம் என்று ஒரு ஊர், கதிரையால் பிழைத்த ஊர். சுற்றியுள்ள பீச் காடுகளில் கால்களைக் கடைந்து, ஆஷ் மரத்தை ஆவியில் வளைத்து, எல்ம் பலகையில் இருக்கை செய்து வின்சர் கதிரை பூட்டினார்கள். எல்ம் மரத்தின் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் காலுக்குத் துளை போட்டாலும் லேசில் பிளக்காது. அதில் குழி எடுப்பதற்கென்றே ஒரு தொழிலாளி, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பலகையை வைத்து வாய்ச்சியால் கொத்துவானாம். 1877இல் விக்டோரியா மகாராணி வந்தபோது வீதிக்குக் குறுக்கே கதிரைகளையே அடுக்கி வளைவு கட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பட்டப்பெயரே 'கதிரைப் பொடியள்'. எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்டிருந்தால் கொலை விழுந்திருக்கும். காட்டுக்குள் கால் கடைந்தவனுக்கு அங்கேயும் கூலி சொற்பம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த எல்ம் மரங்களும் நான் வந்து இறங்கும்போது இல்லை. 1970களில் ஒரு நோய் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. இதையெல்லாம் அவருக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கலாம். ஊருக்குப் போன என் கடிதங்களில் இருந்ததெல்லாம் காசு அனுப்புகிற உண்டியல்காரரின் விபரம்தான். பிறகு சண்டை, இடம்பெயர்வு. கொட்டிலும் போய்விட்டது என்கிறார்கள். அந்த இடத்தில் இப்போது கணினி அறை, எங்கள் சங்கத்தின் அன்பளிப்பு.

மாஸ்டருக்கு வருகிற மாதம் இங்கே இரங்கல் கூட்டம். மேடையில் யார் யார் இருப்பது, முன்வரிசைக் கதிரைகளில் யாருடைய பெயரை ஒட்டுவது என்று குழுவில் இப்போதே இழுபறி. எனக்கும் மேடையில் இடம் போட்டிருந்தார்கள். வேண்டாம் என்று செயலாளருக்குச் சொல்லிவிட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. கீழே இருந்தால்தான் மேலே யார் நுனியில் இருக்கிறார், யார் சாய்கிறார் என்று வடிவாகப் பார்க்கலாம்.