வெளிறிய திட்டு: தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா?

ஆத்தாவின் இடது முன்கையில் நாணய அளவில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தபோது, வளவு வெளிச்சத்தில் பார்த்த உறவினர்களில் சிலர் தேமல் என்றனர். சிலர் வெண்புள்ளி என்றனர். மருந்துக்கடைக் களிம்பால் பயனில்லை. சீடை பொரிக்கையில் எண்ணெய் தெறித்து அந்தத் திட்டின் மேலேயே கொப்புளம் கண்டிருந்ததை ஆத்தா மறுநாள்தான் கவனித்தார் என்று கேட்டதும், காரைக்குடியில் தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

மருத்துவர் முதலில் திட்டை இரு விரல்களால் இழுத்துப் பார்த்தார். தேமலாக இருந்தால் அப்போது மாவு போன்ற மெல்லிய செதில் எழும்பும், இங்கே எழும்பவில்லை. இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடித்தார். அந்த ஒளியில் வெண்புள்ளி சுண்ணாம்பு வெண்மையாகப் பளிச்சிடும், தேமல் பல நேரம் மஞ்சள் சாயலில் ஒளிரும் என்று விளக்கினார். ஆத்தாவின் திட்டு மங்கலாகவே இருந்தது. சுரண்டி எடுத்த தோலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்ததிலும் பூஞ்சை தென்படவில்லை.

பிறகு, பஞ்சை நுனியில் திரித்து எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்குங்க ஆச்சி, பஞ்சு படுற இடத்தை விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். நல்ல தோலில் பட்ட இடங்களையெல்லாம் தவறாமல் காட்டிய ஆத்தா, திட்டின் நடுவில் பஞ்சு பட்டபோது விரலை அசைக்கவே இல்லை. தேமலிலும் வெண்புள்ளியிலும் தொடு உணர்வு குன்றாது. முழங்கையின் உட்புற நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், தடிப்பு இல்லை. காதுமடலில் சிறு கீறலிட்டு எடுத்த மாதிரியில் கிருமி காணப்படவில்லை என்றாலும், அதனால் மட்டும் தொழுநோய் இல்லையென்று ஆகிவிடாதாம். உணர்வற்ற வெளிறிய திட்டே போதிய அடையாளம்.

ஒரே திட்டு என்பதால் குறைந்த கிருமி வகை என்று பிரித்து, 6 மாதக் கூட்டு மருந்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பெறச் சொன்னார். அந்தக் கூட்டு மருந்தில் ஒன்றான ரிஃபாம்பிசின் விழுங்கிய நாளில் சிறுநீர் சிவந்து போகும் என்று முன்னரே சொல்லியிருந்ததால் ஆத்தா அஞ்சவில்லை. யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்ற பேச்சுத்தான் எங்கள் வீட்டில் மருந்துப் பேச்சைவிட நீண்டது. தனித்தட்டு, தனியறை எதுவும் தேவையில்லை என்று சுகாதாரப் பணியாளர் தெளிவாகச் சொல்லிவிட்டு, எங்கள் அனைவரின் தோலையும் பரிசோதித்து, தடுப்புக்காக ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்.