வாஞ்சி மணியாச்சி: ரயில் மாறும் ஊரில் ஒரு காலைப் பொழுது

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு நானூறு ரூபாய் கேட்டார் ஓர் ஆட்டோக்காரர். நேற்று நடந்தது, கோபம் இன்னும் ஆறவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மணியாச்சி.

மதுரையிலிருந்து தெற்கே வரும் ரயில்பாதை இரண்டாகப் பிரிகிற இடம் அது. ஒரு கிளை தூத்துக்குடிக்கு, இன்னொன்று திருநெல்வேலிக்கு. இரண்டு ஊரும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம். நான் கோவில்பட்டியில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு டிக்கெட் எடுத்தேன், 30 ரூபாய். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. வந்தே பாரத் எல்லாம் நில்லாமல் பறந்துவிடும். போகும் ரயிலைப் பார்க்கும்போதே திரும்பும் ரயிலையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் கடம்பூர். இந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே நாக்கு ஊறும். வண்டி நிற்பதற்குள்ளேயே "போளி, போளி" என்று குரல் வந்துவிட்டது. தேங்காய்ப் போளி ஒரு பொட்டலம், பருப்புப் போளி ஒரு பொட்டலம், மொத்தம் நூறு ரூபாய். டிக்கெட்டைவிடப் போளிக்கு மூன்று மடங்கு செலவு செய்தேன் என்று வீட்டில் திட்டு விழுந்தது. விழட்டும். இன்னும் சூடு ஆறாமல், விரலில் நெய் மின்ன, பூரணம் ஓரம்வரை பரவியிருந்த அந்தத் தேங்காய்ப் போளியைப் போல ஒன்றை எந்தப் பெரிய இனிப்புக் கடையிலும் நான் தின்றதில்லை. மதுரையில் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்பதை இனிப் போளி என்றே சொல்ல மாட்டேன்.

மணியாச்சியில் இறங்கியதும் முதலில் உணர்ந்தது காற்று. சுற்றிலும் கரிசல் காடு. கண்ணுக்கு எட்டியவரை தடுக்க ஒன்றும் இல்லாததால் மணலை வாரிக்கொண்டு வருகிறது. ஊர் சிறியது, தண்டவாளங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தனை சின்ன ஊருக்கு ஜங்ஷன் எப்படி வந்தது என்று கேட்டால், கடலைத்தான் காட்ட வேண்டும். 1876-இல் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடிவரை பாதை போட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, சென்னையிலிருந்து இலங்கை போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினார்கள். அந்தப் பயணிகளை ஏற்றி இறக்கிய போட் மெயில் இந்த வழியாகத்தான் ஓடியது. கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும் இந்தக் காற்றைச் சுவாசித்திருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்த மெயிலுக்காக இங்கே காத்திருந்தபோதுதான் அப்போதைய திருநெல்வேலி கலெக்டர், பிரிட்டிஷ் அதிகாரி ஆஷ் சுடப்பட்டார். 1911 ஜூன் 17, சனிக்கிழமை, காலை பத்தரை மணி தாண்டிய நேரம். கொடைக்கானலுக்குப் போவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து மனைவியுடன் வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன், வயது 25, பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதிலும் 1908-இல் அவரைச் சிறைக்கு அனுப்பியதிலும் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற ஆத்திரம் இந்த வட்டாரம் முழுக்க இருந்தது. வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தின் சொற்களைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நடைமேடையில் நின்றபோது எனக்கு வாதம் எதுவும் தோன்றவில்லை. எதிரே மனைவி பார்த்துக்கொண்டிருக்கச் செத்த ஒருவர், சில நிமிடத்தில் தன்னையே முடித்துக்கொண்ட ஓர் இளைஞர். தொண்டை அடைத்துக்கொண்டது.

பிற்காலத்தில் ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாற்றினார்கள். ரயில்வே குறியீடு மட்டும் இன்னும் எம்.இ.ஜே.தான், அதாவது பழைய மணியாச்சி ஜங்ஷன்.

என் அம்மாவுக்கு இந்த ஊர் வேறு மாதிரி நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் வண்டி இங்கே நின்று, தூத்துக்குடிப் பெட்டிகளைத் தனியாகக் கழற்றுவார்கள். பெட்டி மாறி ஏறித் தூங்கிப்போனவர்கள் விடியும்போது திருநெல்வேலியில் கண் விழிப்பார்களாம். "மணியாச்சி வந்ததும் எழுப்பு" என்பது எங்கள் வீட்டில் பயணத்துக்கு முன் சொல்கிற கடைசி வாக்கியம். இப்போது இரட்டைப் பாதை, மின்சார ரயில், எல்லாம் வேகம். மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதையை 2024 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். எதிர் வண்டிக்காக அரைமணி நேரம் காத்துக்கிடந்த நாட்கள் போயின. நல்லதுதான், எனக்கு அதில் வருத்தமே இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து அடுத்த வண்டியில் திருநெல்வேலி, இன்னொரு 30 ரூபாய். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. கதையின் மறுபாதியையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அப்போதுதான் அந்த நானூறு. ஐந்தாறு கிலோமீட்டருக்கு! இருநூறு தருகிறேன் என்றேன். "வெளியூரா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியூர்க்காரன் என்றால் பறிக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஐந்து நிமிடம் நின்றால் டவுன் பஸ் வருகிறது, பத்துப் பதினைந்து ரூபாய்தான் ஆகும். தயவுசெய்து பஸ்ஸிலேயே போங்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து, "கடம்பூரா?" என்றார். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மணியாச்சி போய்விட்டு வருகிறேன் என்றதும், "அங்கே இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது? நான் நூறு தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேனே!" என்றார்.

பாளையங்கோட்டை வரும்வரை சொல்லிக்கொண்டே போனேன்.