கோடை எஃப்எம் கேட்க வீட்டுலயே கட்டுன ஆன்டெனா

எங்க வீடு காரைக்குடி, பழைய வீடு, சுவரெல்லாம் தடி தடியா இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்டீரியோ ரிசீவர் வாங்கினப்ப ஆன்டெனான்னு ஒரு சின்ன வயர்தான் கூட வந்துச்சு. அதை வச்சு கொடைக்கானல்லேர்ந்து வர்ற கோடை எஃப்எம் 100.5 போட்டா பேச்சு புரியுது, ஆனா பாட்டுக்குப் பின்னாடி உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற மோனோ பட்டனை அமுக்கினா சட்டுனு அடங்கிடுது. அப்ப செட்டுல கோளாறு இல்ல, சிக்னல்தான் பத்தல, ஸ்டீரியோவுக்கு மோனோவை விட நிறையவே சிக்னல் வேணும்.

கடைல பூஸ்டர் மாட்டச் சொன்னாங்க. வீட்டுக்குள்ள வர்ற அரைகுறை சிக்னல்ல பூஸ்டர் போட்டா இரைச்சலும் சேர்ந்துதானே பெருசாகும், வேணாம்னுட்டேன். மாடில தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா ஒண்ணு நிக்குது, அது டிவி சேனலுக்கு வெட்டுன அளவு, நமக்கு அதோட கம்பம் மட்டும் போதும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 300-ஐ 100.5-ஆல வகுத்தா அலைநீளம் கிட்டத்தட்ட 2.98 மீட்டர், ஆன்டெனா அதுல பாதி நீளம் இருக்கணும், அது 1.49, கம்பிங்கறதால அஞ்சு பர்சென்ட் கழிச்சா 1.42. ஆக பக்கத்துக்கு 71 சென்டிமீட்டர். வயரிங் பண்ணி மிச்சமான காப்பர் வயரை ரெண்டா வெட்டி பிவிசி பைப் மேல நீட்டிக் கட்டினேன். நடுவுல டிஷ்ஷுக்கு இழுத்து மிஞ்சின கேபிள், அது 75 ஓம் (சிக்னலுக்கான தடை அளவு, எல்லாத்துலயும் இது ஒத்துப்போகணும்), ரிசீவர் பின்னாடியும் 75 ஓம்னே போட்டிருக்கு, இந்த மாதிரி ரெண்டு பக்கமும் கம்பி நீட்டுன ஆன்டெனாவும், அதாவது டைபோலும், ஏறக்குறைய அதேதான், அதனால நடுவுல வேற எதுவும் தேவையில்ல. பட்டை வயர்ல டி மாதிரி வர்ற ஆன்டெனான்னா அது 300 ஓம், அதுக்கு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

ஒரு விஷயம் கவனிங்க, டிஷ் கேபிள்ல வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், எவ்ளோ சூடு காட்டினாலும் ஈயம் ஒட்டாது. எலக்ட்ரீஷியன்கள் வச்சிருக்கற ஸ்க்ரூ கனெக்டர்ல நடுக்கம்பியை ஒரு பக்கத்து வயரோடயும், பின்னலை முறுக்கி இன்னொரு பக்கத்தோடயும் முடுக்கிட்டு மேல எம்சீல் அப்பிட்டேன். ரிசீவர் பக்கம் பழைய கேபிள் டிவி பின்.

அப்புறம் திசை. கம்பியோட நுனி காட்டுற பக்கம் சிக்னல் ரொம்ப கம்மியாதான் வாங்கும். கொடைக்கானல் நமக்கு மேற்கால இருக்கு, அதனால பைப்பை வடக்கு தெற்கா வைக்கணும். தூரம் அதிகம்தான், ஆனா டவர் நிக்கறது 2,000 மீட்டருக்கு மேல இருக்கற மலைல, அங்கேர்ந்து நம்ம மொட்டை மாடிக்கு குறுக்க பெருசா ஒண்ணும் இல்ல.

மாட்டினதும் ஸ்டீரியோ லைட் நின்னு எரியுது. கொஞ்சம் கரகரப்பு மிச்சம் இருந்துச்சு, அது மாடிப்படி எல்இடி பல்பு, அணைச்சா போயிடுது, விலை கம்மி பல்புல இந்தத் தொல்லை உண்டு. டைபோல் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வாங்குங்கறதால கிழக்கேர்ந்து சில ராத்திரி இலங்கை ஸ்டேஷன்களும் வந்து விழுது, அம்மாவுக்கு அதுதான் இப்ப ரொம்பப் பிடிச்சிருக்கு. இடி மின்னலுக்கு மட்டும் பயம், மேகம் கூடுறதைப் பாத்ததுமே பின்னைக் கழட்டிடறேன்.