மோஷன் கேப்ச்சர் புராஜெக்ட் எடுத்திருக்கிறீர்களா? முதலில் எலும்பைப் படியுங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டு புராஜெக்டுக்கு மோஷன் கேப்ச்சரை, அதாவது உடல் அசைவைக் கேமராக்களால் அளக்கும் முறையை, தேர்ந்தெடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்த சாஃப்ட்வேரைப் பழகணும்?" என்பதுதான். விக்கான், குவாலிசிஸ், ஆப்டிட்ராக் எதுவானாலும் பட்டன்கள் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். மார்க்கர் ஒட்ட வேண்டிய எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பழகுவதற்குத்தான் நாளாகும். மதிப்பெண் கூடுவதும் குறைவதும் அங்கேதான்.

அறையைச் சுற்றி நிற்கும் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியை வீசும். தோலில் ஒட்டிய மார்க்கர்கள் எனும் சின்ன உருண்டைகள், நடை ஆய்வில் பெரும்பாலும் 14 மி.மீ. அளவுள்ளவை, அதைத் திருப்பி அனுப்பும். ஒரு மார்க்கரின் இடத்தைக் கணக்கிட, குறைந்தது 2 கேமராக்களாவது அதைப் பார்க்க வேண்டும். தொடையோ காலோ எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அறிய, ஒரே கோட்டில் அமையாத 3 புள்ளிகள் வேண்டும். இந்த இரண்டுக்கும் காரணம் கேட்காமல் வாய்மொழித் தேர்வு முடியாது.

கேலிபிரேஷன் (அளக்கும் முன் கேமராக்களைச் சீரமைப்பது) சரியாக அமைந்தால் மார்க்கரின் இடத்தை 1 மி.மீ.க்கும் குறைவான பிழையோடு கருவி சொல்லிவிடும். ஆனால் மார்க்கர் ஒட்டியிருப்பது தோலில். தொடையில் தோலும் தசையும் எலும்பின் மேல் 1 செ.மீ.க்கு மேலும் நகரும். அதோடு நாம் தப்பான இடத்தில் ஒட்டினால், எவ்வளவு விலையுயர்ந்த கேமராவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முழங்காலையே பாருங்கள். நடக்கும்போது, கால் காற்றில் வீசும் கட்டத்தில், முழங்கால் சுமார் 60 பாகை மடங்கும். பக்கவாட்டில் மிகக் கொஞ்சமே அசையும். உங்கள் வரைபடத்தில் பக்க அசைவின் கோடு, மடங்கும் அசைவின் கோட்டைப் போலவே எழும்பி இறங்கினால் ஆளுக்கு முழங்கால் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள். தொடை மார்க்கரோ முழங்கால் மார்க்கரோ சற்று முன்பின் விலகியிருப்பதால், கணக்கில் மூட்டின் அச்சு திரும்பியிருக்கும். மடங்குவதில் ஒரு பங்கு பக்க அசைவாகப் பதிந்திருக்கும். முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லி, வெளிப்புற எலும்பு மேட்டில் எந்த இடத்துத் தோல் குறைவாக நகர்கிறது என்று பார்த்து ஒட்டுங்கள். வீட்டில் அம்மா, தம்பி, கூட்டாளி என்று கிடைத்தவர்களிடம் எல்லாம் பழகலாம். உடல்வாகு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒருவரிடம் மட்டும் பழகினால் போதாது.

என் புராஜெக்டில் பரதநாட்டியம் ஆடும் அக்காக்களின் அரைமண்டியை, அதாவது கால்களை வெளியே திருப்பி முழங்காலைப் பாதி மடக்கி நிற்கும் நிலையை, அளந்தோம். எல்லாரும் ஆவலாகக் கேட்டது, "என் கால் எத்தனை பாகை வெளியே திரும்புது?" இடுப்பு மூட்டின் அந்தச் சுழற்சிதான் தோலில் ஒட்டும் மார்க்கர்கள் மிக மோசமாக அளக்கும் அசைவு. முழங்கால் மடங்கும் அளவை நம்பிச் சொல்லலாம். சுழற்சியைச் சொல்லும்போது பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிக்கையில் இதை நேர்மையாக எழுதுங்கள், தேர்வாளர்கள் தேடுவது இதைத்தான். முழுக்கக் குந்தும் முழுமண்டியில் தொடை வந்து இடுப்பின் முன் மார்க்கர்களை மறைத்துவிடும், ஆகவே பின்னிடுப்பில் கூடுதலாக மார்க்கர்கள் ஒட்டிக்கொள்ளுங்கள். சலங்கை, கொலுசு, ஷூவின் ஒளிரும் பட்டை எல்லாம் கேமராவுக்குப் போலி மார்க்கர்களாகத் தெரியும். கழற்றச் சொல்லுங்கள், முடியாவிட்டால் மங்கலான டேப்பால் மூடுங்கள்.

நம் ஊர் வெயிலில் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருபவரின் தோலில் டேப் ஒட்டாது. ஏர்கானில் சற்று உட்காரவைத்து, ஆல்கஹால் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். இடுப்பெலும்பைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "அக்கா, இங்க எலும்பைத் தொட்டுப் பார்க்கணும், பரவாயில்லையா?" என்றதும், "சொல்லிட்டுத் தொடும்மா, அது போதும்" என்றார் ஒருவர். பெண்களுக்குப் பெண்களே ஒட்டுவது என்று குழுவில் முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்துத் தேர்வில் பலர் மனப்பாடம் செய்துவிட்டுப் போகும் பகுதி ஃபில்டர், அதாவது பதிவில் கலந்த வேகமான நடுக்கத்தை (இரைச்சலை) வடிகட்டும் கணக்கு. ஒரு கணக்குப் போட்டால் மறக்காது. விநாடிக்கு 1 முறை, 10 செ.மீ. வீச்சில் ஆடும் கைக்கு உச்ச முடுக்கம் சுமார் 4 மீ/வி². அதன் மேல் 1 மி.மீ. வீச்சுள்ள 20 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறினால், அந்த இரைச்சலின் முடுக்கம் மட்டும் சுமார் 16 மீ/வி². அளவில் நூறில் ஒரு பங்கு, முடுக்கத்தில் 4 மடங்கு! அதிர்வெண்ணின் வர்க்கத்தால் பெருக்கப்படுவதுதான் காரணம். நடைக்கு, 6 ஹெர்ட்ஸுக்கு மேலான அசைவைக் குறைக்கும் பட்டர்வொர்த் வகை ஃபில்டர் வழக்கம். பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவுக்கும் அதையே போட்டால் பாதம் தரையில் மோதும் கணம் மழுங்கிப்போகும். எந்த எண்ணைத் தேர்ந்தீர்கள், ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள்.

லேப் நேரம் கிடைக்காத வாரங்களில் உடல் அசைவைக் கணினியில் ஆராயும் ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்சிம் மென்பொருளை இலவசமாக இறக்கி, அதோடு வரும் மாதிரிக் கோப்புகளில் பழகுங்கள். இரண்டு ஐஃபோன்கள் இருந்தால் மார்க்கரே இல்லாமல் ஓப்பன்கேப் செயலியில் பதிவுசெய்து பார்க்கலாம்.

வெளியாட்களை அளப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு மார்க்கர்கூட ஒட்டக்கூடாது. வீடியோவில் முகம் தெரியுமா, பதிவுகள் யாரிடம் எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் தெளிவாக எழுதி, தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை இடைப்பட்ட காலத்தில் எலும்பு தேடிப் பழகலாம்.