அந்த ஒரு வடிகால் வால்வு

மீடியா லைனின், அதாவது உயிரணு வளர்க்கும் ஊட்டக் கரைசல் ஓடும் குழாயின், தாழ்ந்த முனையில், நீராவியை நிறுத்தி நீரை மட்டும் வெளியே விடும் ஸ்டீம் ட்ராப்புக்கு மேலே வரவேண்டிய வால்வுக்கு ‘பால் வால்வு’ (ball valve, துளையிட்ட பந்து திரும்பித் திறந்து மூடும் வால்வு) என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். முழுத் துளை என்பதால் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன நீர்) தடையின்றி இறங்கும், பந்தை அணைத்து நிற்கும் டெஃப்ளான் சீட், குழாயை நீராவியால் கிருமிநீக்கும் 121 டிகிரியைத் தாங்கும், விலையும் குறைவு என்பவை அன்று நான் சொன்ன நியாயங்கள். மூன்றும் இன்றும் பொய்யல்ல.

பொருத்த வந்த மூத்த ஃபிட்டர் வால்வைப் பாதி திருப்பி, பந்துக்கும் பாடிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நகத்தை விட்டுக் காட்டினார்.

“சார், மூடினா இதுக்குள்ள நிக்கிறது எங்க போகும்?”

“ஸ்டீம்தான் விடுறோமே அண்ணே, எது பிழைக்கும்?” என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள், ஸ்டீம் விட்ட 30 நிமிடமும் 121-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் அது இருந்தது குழாயில், இடுக்கில் அல்ல. நீராவி ஒரு பரப்பைத் தொட்டு நீராக மாறும்போது விடும் வெப்பம்தான் கிருமியைக் கொல்கிறது என்பதும், காற்றோ பழைய படிவோ அடைத்து நிற்கும் இடத்துக்கு அந்த நீராவி போய்ச் சேராது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல.

சில மாதங்களில் மீடியா கலங்கியது, கிருமி புகுந்திருந்தது. வால்வைக் கழற்றியபோது சீட்டின் பின்புறம், பால் தீய்ந்த பாத்திரத்தின் அடியைப் போலப் பழுப்புப் படிவு இருந்தது. ஆனால் அதே நாளில் குழாய் இணைப்புகளை அடைக்கும் இரண்டு கேஸ்கெட்டுகளையும் காற்றை வடிக்கும் வென்ட் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிட்டதால், எது காரணம் என்பதற்கு இனி ஆதாரமில்லை. அறிக்கையில் ‘சாத்தியமான காரணம்’ என்று எழுதினேன். அந்தச் சொல்லில் எவ்வளவு நேர்மை, எவ்வளவு தற்காப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது அங்கே, வளையும் ரப்பர் தகடு அழுந்தி மூடும் டயாஃப்ரம் வால்வு இருக்கிறது. இடுக்கு இல்லை, ஆனால் தயாரிப்பாளர் சொன்ன சாய்வில் பொருத்தாவிட்டால் உள்ளே நீர் தேங்கும், ஒவ்வொரு ஸ்டீமுக்கும் ரப்பர் சற்றே இறுகும், முதல் சூட்டுக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். ஒருமுறை அதை விட்டுவிட்டோம், மூடியோரம் கசிந்தது.

பால் வால்வையே வைத்துக்கொண்டு, ஸ்டீம் ஓடும்போது சிறிது நேரம் பாதி திறப்பில் நிறுத்தச் சொல்லியிருந்தால் இடுக்குக்குள்ளும் நீராவி போயிருக்கும். செய்முறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை இரவு ஷிப்டில் யார் செய்வார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஃபிட்டர் கேட்டாரோ என்னவோ. நான் கேட்டுக்கொள்ளவில்லை.