க்ளாக் பாவம், விட்ருங்க

நேத்து ராத்திரி தூக்கம் வரல, எதையோ பாக்கலாம்னு ஃபோன எடுத்து கடைசில வழக்கம்போல 2008 பிரேசில் ஃபார்முலா ஒன் ரேஸ்ல போய் நின்னுட்டேன். எத்தனாவது தடவைன்னு கணக்கே இல்ல. பாத்து முடிச்சா தூக்கம் வருமா, வராது, ஏன்னா இத்தன வருஷம் ஆகியும் அந்த டொயோட்டா ட்ரைவர் டிமோ க்ளாக் காசு வாங்கிட்டு மெக்லாரன் ட்ரைவர் ஹாமில்டனுக்கு கடைசி லாப்புல வழி விட்டாருன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அத நெனச்சாலே எரியுது. நான் ஃபெராரி ஓட்டுன மாஸா கட்சி. அன்னிக்கு தோத்தது எங்காளு. அப்படி இருந்தும் சொல்றேன், க்ளாக் மேல ஒரு தப்பும் கெடையாது.

மொதல்ல கதை தெரியாதவங்களுக்கு கணக்க சொல்லிடறேன். 2008 நவம்பர் 2, சாவ் பாலோல இருக்குற இன்டர்லாகோஸ் ட்ராக், சீசனோட கடைசி ரேஸ். ரேஸுக்கு முன்னாடி ஹாமில்டன் 94 பாயிண்ட், மாஸா 87. அப்போ ஜெயிச்சா 10, அப்புறம் 8, 6, 5, 4, 3, 2, 1, எட்டு பேருக்குத்தான் பாயிண்ட். அதாவது மாஸா ஜெயிச்சாலும், ஹாமில்டன் ஆறாவது இல்ல அதுக்கும் கீழ வரணும். ஆறாவது வந்தா ரெண்டு பேரும் 97, ஆனா அந்த வருஷம் மாஸாவுக்கு அதோட சேத்து 6 வெற்றி, ஹாமில்டனுக்கு 5, அதனால கப்பு மாஸாவுக்கு. அஞ்சாவது வந்தா ஹாமில்டன் 98, கத முடிஞ்சுது. ஒரே ஒரு எடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க வீட்ல அண்ணன் ஹாமில்டன் கட்சி. ரேஸ் ஆரம்பிக்கும்போதே ராத்திரி பத்தரைக்கு மேல, அம்மா தூங்கிட்டாங்க, அதனால டிவி சவுண்ட ரெண்டு பாயிண்ட்ல வெச்சுட்டு ரெண்டு பேரும் ஸ்க்ரீனுக்கு ஒரு முழம் தள்ளி தரையில உக்காந்துருந்தோம். "அஞ்சாவது வந்தா போதும்டா, அவனால தூங்கிக்கிட்டே வர முடியும்" னு அண்ணன் சொல்லிச்சு. ஆனா அதுக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். ஏன்னா 2007. அந்த வருஷம் ரெண்டு ரேஸ் பாக்கி இருக்கும்போது ராய்க்கோனன விட 17 பாயிண்ட் முன்னாடி இருந்த மனுஷன், சீனாவுல தேஞ்ச டயர மாத்த பிட்டுக்குள்ள திரும்பும்போது ஜல்லில மாட்டிக்கிட்டாரு, அடுத்து இதே பிரேசில்ல கியர் மக்கர் பண்ணி 18வது எடத்துக்குப் போய் எப்படியோ ஏழாவது வந்தாரு, ராய்க்கோனன் ஒரு பாயிண்ட்ல கப்ப தூக்கிட்டுப் போயிட்டாரு. அந்த பயம் 2008ல மெக்லாரன் ஓட்டுன விதத்துலயே தெரிஞ்சுது. ரிஸ்க்கே எடுக்கல, எல்லாத்துலயும் ஒரு படி லேட்டு.

மாஸாவுக்கு அது சொந்த ஊரு. சாவ் பாலோல பொறந்தவரு, சென்னாவுக்கு அப்புறம், அதாவது 1991க்கு அப்புறம் ஒரு பிரேசில்காரர் கூட சாம்பியன் ஆனதில்ல, அந்த ஸ்டாண்டுல இருந்த சத்தம் எங்க ரெண்டு பாயிண்ட் வால்யூம்லயே கேட்டுச்சு. போல் பொசிஷன், அதாவது எல்லாருக்கும் முன்னாடி நின்னு கெளம்புற எடம், அவருக்குத்தான். ஸ்டார்ட்டுக்கு சில நிமிஷம் இருக்கும்போது மழை கொட்ட, பத்து நிமிஷம் தள்ளி வெச்சாங்க. கிட்டத்தட்ட எல்லாரும் லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயர்ல கெளம்புனாங்க. மொத லாப்லயே கூல்ட்ஹார்ட் அவுட்டு, அதுதான் அவரோட கடைசி ரேஸ், பாவம் ஒரு ரவுண்டு கூட முழுசா போகல. ட்ராக் காய ஆரம்பிச்சதும் ஹாமில்டன டிரை டயருக்கு லேட்டா கூப்ட்டாங்க, வெளிய வரும்போது அவரு ஃபோர்ஸ் இந்தியா ஓட்டுன ஃபிசிகெல்லாவுக்கும் பின்னாடி. அண்ணன் மொகத்த நான் பாத்தேன், அது என்னையப் பாக்கவே இல்ல. அப்புறம் மெதுவா ஏறி நாலாவது எடத்துக்கு வந்துட்டாரு. நடுவுல ஒரு நாப்பது லாப்பு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, மாஸா முன்னாடி தனியா போய்க்கிட்டே இருந்தாரு, ஒரு தப்பு கெடையாது.

71 லாப் ரேஸ்ல எட்டு லாப்பு கிட்ட பாக்கி இருக்கும்போது மறுபடி தூறல். இங்கதான் விஷயமே. எல்லாரும் ஒவ்வொருத்தரா இன்டர்மீடியட் மாத்த உள்ள வந்தாங்க, ஹாமில்டன் 66வது லாப்புல, மாஸா அடுத்த லாப்புல. டொயோட்டா மட்டும் க்ளாக்கையும் ட்ருல்லியையும் டிரை டயர்லயே விட்டுட்டாங்க. சூதாட்டந்தான், ஆனா முட்டாள்தனமான சூதாட்டம் இல்ல, மழை அதே தூறலா நின்னுருந்தா பிட்டுக்குப் போற நேரம் மொத்தமும் மிச்சம். அப்படித்தான் அதுவரைக்கும் ஹாமில்டனுக்குப் பின்னாடி இருந்த க்ளாக் திடீர்னு நாலாவது எடத்துக்கு வந்தாரு. ஹாமில்டன் அஞ்சு. ஆறாவதா வந்துக்கிட்டிருந்த வெட்டல் அவரு முதுகுலயே.

அப்புறம் 69வது லாப்பு. ஒரு ரவுண்டு பின்னாடி இருந்த குபிட்சா, மழைல வேகமா இருந்ததால ஹாமில்டன உள்பக்கமா தாண்டிப் போக, ஹாமில்டன் கொஞ்சம் அகலமா போயிட, அந்த சந்துல வெட்டல் நுழைஞ்சுட்டாரு. ஹாமில்டன் ஆறு. நான் எந்திரிச்சு குதிச்சதுல அம்மா உள்ள இருந்து "என்னடா சத்தம்" னு கேட்டாங்க. அண்ணன் ஒண்ணும் பேசாம எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயிடுச்சு. நெஜமாவே. ரெண்டு லாப் இருக்கும்போது. பாக்க முடியலன்னு அப்புறமா ஒத்துக்கிச்சு.

மாஸா லைனத் தாண்டுனாரு. ரேஸ் வின்னர், அந்த நிமிஷத்துக்கு உலக சாம்பியன். ஃபெராரி கராஜக் காட்டுறாங்க, மாஸாவோட அப்பா கையத் தூக்கிட்டு கத்துறாரு, செகப்பு சட்டக்காரங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறாங்க. நானும் பாத்ரூம் கதவத் தட்டி "ண்ணா முடிஞ்சுது வா" ன்னு சொல்லிட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், ஸ்க்ரீன்ல ஒரு டொயோட்டா தண்ணில தத்தளிக்கிற மாதிரி ஜுன்சாவ் வளைவுல போகுது. அதுக்கப்புறம் மேட்டுல ஏறுனா ஃபினிஷ் லைன்தான், இனிமே முந்துறதுக்கு வேற வளைவுன்னு ஒண்ணு கெடையாது. வெட்டல் அத தாண்டுறாரு, பின்னாடியே ஹாமில்டன் தாண்டுறாரு. எனக்கு புரியவே இல்ல. யாரு கார் அது, ஏன் இவ்ளோ ஸ்லோ, கமெண்ட்ரி பண்றவங்களுக்கே ஒரு செகண்ட் புரியல. அண்ணன் துண்டோட வந்து நின்னுட்டு "அஞ்சாடா? அஞ்சாடா அது?" ன்னு கேக்குது, நான் பதில் சொல்லல.

மாஸாவுக்கு அப்புறம் 38.9 செகண்ட் கழிச்சு ஹாமில்டன் லைனத் தாண்டுனாரு. அந்த 38.9 செகண்ட்தான் மாஸா சாம்பியனா இருந்த மொத்த காலம்.

ஃபெராரி கராஜ்ல அப்புறம் நடந்ததுதான் இன்னிக்கும் என்னால பாக்க முடியாத காட்சி. ஒருத்தர் வந்து சொல்றாரு, கட்டிப்பிடிச்சுட்டு இருந்தவங்க ஒவ்வொருத்தரா கைய எறக்குறாங்க, மாஸாவோட அப்பா மொகம் சிரிப்புல இருந்து மாறுறதுக்கு நேரம் எடுக்குது, சிரிப்பு அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்குது, கண்ணு மட்டும் யாராவது இல்லன்னு சொல்ல மாட்டாங்களான்னு சுத்தி சுத்தி தேடுது. மெக்கானிக் ஒருத்தரு ஓங்கி தலையால தடுப்புல முட்டுறாரு.

இப்போ க்ளாக் கேஸுக்கு வருவோம். அவரு அன்னிக்கு கால்ல போட்டிருந்தது கோடு வெட்டுன டிரை டயர் (2009லதான் மறுபடி வழுவழு ஸ்லிக் டயர் வந்துச்சு). ரப்பர் ஆறிடுச்சுன்னா ஈரத்துல அது பிடிக்கவே பிடிக்காது. கடைசி லாப்புக்குள்ள நுழையும்போது ஹாமில்டன விட பத்து செகண்டுக்கும் மேல முன்னாடி இருந்தவரு, அந்த ஒரு லாப்புல எல்லாத்தையும் எழந்துட்டு ஆறாவதா வந்தாரு. வேணும்னே மெதுவா போனாருன்னா, அதே டயர்ல ஓடுன ட்ருல்லி ஏன் கடைசி லாப்புல கிட்டத்தட்ட அதே அளவு ஸ்லோ? அவருக்கு யாரு காசு குடுத்தாங்க? க்ளாக்கோட கார் கேமரா வீடியோ இருக்கு, பாருங்க, நேர் ரோட்டுலயே ஸ்டியரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி காரப் புடிச்சு வெக்கப் போராடுறாரு.

இதுல யாருமே யோசிக்காத ஒண்ணு இருக்கு. க்ளாக்கும் எல்லார மாதிரி டயர் மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஹாமில்டனுக்குப் பின்னாடியே இருந்துருப்பாரு. ஹாமில்டன் நாலாவது, வெட்டல் தாண்டுனாலும் அஞ்சாவது, கப்பு அப்பவே ஹாமில்டனுக்கு, டென்ஷனே இல்ல. மாஸாவுக்கு அந்த 39 செகண்ட் கெடச்சதே க்ளாக் எடுத்த ரிஸ்க்னாலதான். குடுத்தவரத்தான் திருடன்னு சொல்றாங்க.

ஒரு பாயிண்ட்ல போனத தேடணும்னா கடைசி வளைவுல தேடாதீங்க. அதே வருஷம் நடந்த ஹங்கேரி ரேஸுக்குப் போங்க. மாஸா மொத வளைவுல வெளிப்பக்கமா சுத்தி ஹாமில்டனயே தாண்டி, ரேஸ் முழுக்க முன்னாடி இருந்துட்டு, மூணு லாப் இருக்கும்போது இன்ஜின் பொகையா போச்சு. பத்து பாயிண்ட் காலி. அந்த ரேஸ்ல ரெண்டாவது வந்து மொத தடவ போடியம் ஏறுனது யாருன்னு நெனைக்கிறீங்க? க்ளாக்தான். விதி எப்படியெல்லாம் வெளையாடுது பாருங்க.

இல்லன்னா சிங்கப்பூருக்கு வாங்க, மொத நைட் ரேஸ். மாஸா போல்ல இருந்து லீட் பண்றாரு. ரெனோ டீமோட பிக்கே ஜூனியர் செவுத்துல மோத, எல்லாரையும் மெதுவாக்குற சேஃப்டி கார் வர, எல்லாரும் பிட்டுக்கு ஓடுறாங்க. மத்த டீமெல்லாம் கம்புல போர்டு வெச்சு ட்ரைவர நிறுத்துவாங்க, ஃபெராரி மட்டும் ஸ்டைலா ட்ராஃபிக் லைட் வெச்சுருந்தாங்க. பெட்ரோல் பைப்பு காருக்குள்ளயே இருக்கு, லைட்டு பச்சையாயிடுச்சு. மாஸா கெளம்பிட்டாரு. பைப்பப் பிச்சுக்கிட்டு பிட் லேன் கடைசி வரைக்கும் போய் நின்னாரு, மெக்கானிக்குங்க ஹெல்மெட்டோட அவ்ளோ தூரம் ஓடி வந்து ஆளாளுக்கு இழுத்து புடுங்குறாங்க. அதுக்கு மேல பெனால்ட்டி வேற. 13வது. ஹாமில்டன் மூணாவது, ஆறு பாயிண்ட். அடுத்த வருஷம்தான் தெரிஞ்சுது, இன்னொரு ட்ரைவர் அலோன்சோவ ஜெயிக்க வெக்க ரெனோ டீமே பிக்கேவ மோதச் சொல்லியிருக்காங்கன்னு. அது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்ல. ஆனா பைப்ப சொருகி வெச்சுட்டு பச்ச லைட் போட்டது ரெனோ இல்ல.

நியாயமா பேசணும்னா ஹாமில்டன் பக்கமும் இருக்கு, பெல்ஜியத்துல ஜெயிச்ச ரேஸுக்கு 25 செகண்ட் பெனால்ட்டி போட்டு மூணாவது தள்ளி வெற்றிய மாஸாவுக்குக் குடுத்தாங்க, அது வேற நாள் சண்ட. அண்ணன் அந்த பேச்ச எடுத்தா விடியற வரைக்கும் விடாது.

அப்புறம் போடியம். தூறிக்கிட்டே இருக்கு, மாஸா மேல நின்னு நெஞ்சத் தட்டி தட்டி கூட்டத்துக்கு காட்டுறாரு, கண்ணுல தண்ணி, ஆனா தல குனியல. துள்ளிக் குதிச்சுக்கிட்டு இருந்த அண்ணன் அதப் பாத்ததும் அப்படியே பக்கத்துல வந்து உக்காந்துருச்சு, "நல்ல ஆளுடா" ன்னு மட்டும் சொல்லிச்சு. அதுதான் மாஸா ஃபார்முலா ஒன்ல கடைசியா ஜெயிச்ச ரேஸ்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ஹங்கேரில இன்னொரு கார்ல இருந்து கழண்ட ஸ்பிரிங் ஹெல்மெட்ல வந்து அடிச்சுது, பொழச்சு வந்து 2017 வரைக்கும் அங்க ஓட்டுனாரு, ஆனா மேல் படி மறுபடி கெடைக்கல.

2024ல அந்த சிங்கப்பூர் விவகாரத்த வெச்சு மாஸா லண்டன்ல கேஸ் போட்டாருன்னு நியூஸ் வந்த அன்னிக்கு அண்ணன் மெசேஜ் அனுப்பிச்சு, "டேய், உங்காளு 16 வருஷம் கழிச்சு ஒரு பாயிண்ட்டுக்கு கோர்ட்டுக்குப் போயிருக்காரு."

"அந்த பச்ச லைட்ட போட்டவனையும் சேத்து கூண்டுல ஏத்தச் சொல்லுண்ணா" ன்னு அனுப்பிட்டு ஃபோனக் கவுத்து வெச்சுட்டேன்.