ச-வுக்கும் ஞ-வுக்கும் இடம் தேடின கதை

ரெண்டு வருஷமா வலது கை சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு வரைக்கும் வலி. நாள் முழுக்க தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு அமைப்புல டைப் பண்றவன் நான், அதுல உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில வ, ங தவிர எல்லாம் வலது கைக்கு, அதுலயும் ண, ந, ழ, ய, ச, ஞ ஆறும் சுண்டுவிரல் தலையில தான் விழும்.

அதான் ரெண்டா பிரிஞ்ச கீபோர்டு ஒன்னு நானே செஞ்சுக்கலாம்னு இறங்கினேன். கார்னேன்னு ஒரு டிசைன், ஜப்பான்காரர் ஒருத்தர் ஓப்பன் சோர்ஸா விட்டிருக்கார், மொத்தமே 42 கீ, விரல் நீளத்துக்குத் தக்கபடி கீயோட ஒவ்வொரு நெடுவரிசையும் மேல கீழ தள்ளி நிக்கும். நான் எடுத்த வெர்ஷன்ல இடது வலது ரெண்டுக்கும் ஒரே மாதிரி சர்க்யூட் போர்டு தான், திருப்பிப் போட்டா போதும். போர்டு அடிச்சுத் தர்றவங்க 5 போர்டுக்குக் குறைஞ்சு தர மாட்டேன்னுட்டாங்க. டயோடு, வயரெல்லாம் காட்பாடில ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கிட்டு வந்தேன்.

சால்டர் பண்ணி முடிச்சா நாலு கீ செத்துக் கிடக்கு. சத்துவாச்சாரில டிவி ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். "இன்னாபா, பாதி கீபோர்டு தான் கீது?"ன்னு கேட்டவர் லென்ஸ் வச்சுப் பாத்த உடனே "தம்பி, கோடு போட்ட பக்கம் மாறிப்போச்சு பாரு, டயோடுல கரண்ட் ஒரு பக்கம் தான் போவும்"னு சொல்லி அவரே நாலையும் கழட்டி மாத்திக் குடுத்தார், காசு வேணாம்னுட்டார். இன்னொன்னும் சொன்னார், கரண்ட் ஓடும்போது ரெண்டு பாதியையும் இணைக்கிற ஒயரைப் புடுங்காதே, உள்ள ஷார்ட் ஆயிடும்னு. இதைச் செய்யப்போற எல்லாரும் மனசுல வச்சுக்கங்க.

நிஜமான வேலை அதுக்கப்புறம் தான். சாதா கீபோர்டுல ச, ஞ ரெண்டும் அடைப்புக்குறி கீயில இருக்கும், கார்னேல அந்த கீயே கிடையாது! வலது ஓரத்துல மேல இருந்த பேக்ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்குத் தள்ளிட்டு அங்க ச வச்சேன், கீழ எஸ்கேப் இருந்த இடத்துல ஞ. ரெண்டே நாள்ல வலி திரும்ப வந்துடுச்சு. ஏன்னு யோசிச்சா, ஞ பெரும்பாலும் ச-வோட தான வரும், கொஞ்சம், மஞ்சள், நெஞ்சு, பஞ்சு, ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரல் கீழ இருந்து மேல ரெண்டு வரிசை தாவுது. அப்புறம் எந்த கீ என்ன செய்யணும்னு கீபோர்டுக்குச் சொல்ற க்யூஎம்கே சாஃப்ட்வேரோட ஃபைலைத் திறந்து ஞ-வை வலது கட்டைவிரல் கடைசி கீக்கு, ஆல்ட் இருந்த இடத்துக்கு மாத்தினேன். இப்ப கட்டைவிரல் ஞ, சுண்டுவிரல் ச, ஞ-வுக்கு அப்புறம் ச அடிச்சா தமிழ்99ல புள்ளி தானா விழுந்துடும், "கொஞ்சம்" அவ்ளோ சுகமா வருது.

வலி முழுசா போகல, ஆனா சாயங்காலம் கையை உதறிக்கிட்டு எழுந்திரிக்கிறது நின்னுடுச்சு. மூணு போர்டு மிச்சம் இருக்கு, ஒரு செட்டுக்கு ரெண்டு போதும். வேலூர் பக்கம் தமிழ்99 அடிக்கிறவங்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, சால்டர் பண்றப்ப நானும் கூட உக்காந்துக்கறேன்.